கூட்ட மீன்களை ஜோடியாக வாங்காதீர்கள்: பொதுத் தொட்டிக்கு மீன் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நன்னீர்த் தொட்டி வைக்கலாம் என்று முடிவெடுத்து, சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர்ப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எதோடு எது சேரும், எத்தனை விடலாம், ஏன் ஒன்றை ஒன்று கடிக்கிறது. பல வகை மீன்கள் சண்டையில்லாமல் சேர்ந்து வாழும் தொட்டியைத்தான் இங்கே பொதுத் தொட்டி என்கிறேன். கடைக்காரர்கள் கம்யூனிட்டி டேங்க் என்பார்கள். சென்னை மாதிரி சூடான ஊரையும் போர் தண்ணீரையும் மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். மலை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

கடையில் ஜோடிக் கணக்கில்தானே தருகிறார்கள்? ஐந்து வகையில் ஒவ்வொரு ஜோடி எடுத்தால் தொட்டி கலகலப்பாக இருக்காதா?

இருக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் சின்ன மீன்களுக்கு விலையே ஜோடிக்குத்தான் சொல்வார்கள். குட்டி போடும் கப்பி, மோலிக்குக்கூட இந்தக் கணக்கு அவ்வளவு சரியில்லை. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால்தான் பெண் மீன் ஓய்வில்லாத துரத்தலில் சோர்ந்துபோகாமல் இருக்கும். டெட்ரா, ரஸ்போரா, பார்ப், டேனியோ, கீழ்த்தளத்தில் மேயும் கோரிடோரஸ் இவற்றுக்கு ஜோடிக் கணக்கு சுத்தமாக ஆகாது.

இவை ஓடையிலும் ஆற்றிலும் கூட்டங்கூட்டமாகத் திரியும் மீன்கள். தின்ன வரும் பெரிய மீனுக்கு, ஒரே மாதிரி பளபளக்கும் ஐம்பது உடல்கள் ஒரே நேரத்தில் திரும்பும்போது எதைக் குறிவைப்பது என்று தெரியாது. தனியாக விலகிய மீனை எளிதாகப் பிடித்துவிடும். அதனால் பக்கத்தில் தன் இனம் இருக்கிறதா என்று இந்த மீன்கள் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணால் பார்க்கும். உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பால் அருகிலிருக்கும் மீன் தண்ணீரைத் தள்ளும் அசைவையும் உணரும்.

இரண்டே இரண்டு நியான் டெட்ராவை ஒரு தொட்டியில் விட்டுப் பாருங்கள். ஃபில்டர் குழாயின் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீலக்கோடு மங்கியிருக்கும். தீனி போட்டால் மற்ற மீன்கள் தின்று முடித்த பிறகு அரைகுறையாக வந்து எடுக்கும். உங்கள் தொட்டியில் அதைத் தின்ன எதுவும் இல்லை என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பயம் நாள்கணக்கில் நீடித்தால் நோயெதிர்ப்பு குறையும். வெள்ளைப்புள்ளி நோய் முதலில் பிடிப்பது இப்படிப்பட்ட மீன்களைத்தான்.

ஐந்து வகையில் ஒவ்வொரு ஜோடி என்றால் பயந்த மீன்கள் பத்து. அதே பத்து மீனை ஒரே வகையில் எடுத்தால் அது ஒரு கூட்டம். காசு ஏறத்தாழ ஒன்றுதான். எனவே கடையில் போய் ஒரே வகையில் பத்து கொடுங்கள் என்று கேளுங்கள்.

ஒரு கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை?

ஆறு என்பது அடிமட்டக் கணக்கு. எட்டிலிருந்து பத்து நல்லது. டைகர் பார்புக்குப் பத்துக்குக் கீழே போகாதீர்கள். காரணம் கீழே வருகிறது. கோரிடோரஸுக்கு ஆறு போதும், ஆனால் ஆறும் ஒரே இனமாக இருக்கட்டும். மூன்று அல்பினோவும் மூன்று பாண்டாவும் சேர்ந்தால் ஆறு ஆகிவிடாது, ஏனென்றால் அவை பெரும்பாலும் தனித்தனியாகவே பிரிந்து மேயும்.

இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் இரண்டு கன அடி, அதாவது சுமார் 57 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் 48 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். அதில் 4 செ.மீ. வளரும் சின்ன மீனில் ஒரு கூட்டம், பத்து வரை. ஃபில்டர் நன்றாக இருந்து வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினால் கீழ்த்தளத்துக்குச் சின்ன கோரிடோரஸ் ஆறு சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றடிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 190 லிட்டர் வரும். விலை கூடத்தான், ஆனால் பொதுத் தொட்டி என்ற பெயருக்கு ஏற்ற தொட்டி அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இரண்டு கூட்டங்கள் தாராளமாக நீந்தலாம், தண்ணீரின் தன்மையும் சட்டென்று மாறாது.

உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டிதான் கூட்ட மீனுக்கு வேண்டும். அவை குறுக்கே ஓடும் மீன்கள். அலங்காரக் கடைகளில் விற்கும் உயரமான உருளைத் தொட்டியும் உருண்டைக் கிண்ணமும் இவற்றுக்கு எந்த விதத்திலும் பொருந்தாது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். எந்த மீன் வைக்கலாம்?

மீன் வாங்கும் முன்பே இதைக் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான வரிசை. மீனைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு அதற்கேற்பத் தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட, குழாயில் வரும் தண்ணீரைப் பார்த்துவிட்டு மீனைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவோ மேல்.

ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீருக்கு அந்த மீட்டர் காட்டும் எண் 1000-ஐத் தாண்டும். கார்டினல் டெட்ராவும் ரம்மிநோஸ் டெட்ராவும் பிறந்த அமேசான் பகுதி ஓடைகளில் உப்பே இல்லை என்று சொல்லுமளவுக்கு மென்மையான தண்ணீர்தான். பண்ணையில் வளர்ந்த மீன்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதற்கும் ஓர் அளவு உண்டு. இந்த இரண்டுக்கும் 300-க்குள் வைத்திருந்தால் நல்லது. அதற்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு வாரமும்.

அந்த வேலை வேண்டாம் என்றால் கடினமான தண்ணீரிலேயே பிறந்து வளரும் மீன்களை எடுங்கள். போயஸ்மானி ரெயின்போ மேற்குப் பப்புவாவின் அயமாரு ஏரிப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. 10 செ.மீ. வளரும், நான்கடித் தொட்டி வேண்டும். இடம் குறைவு என்றால் 6 செ.மீ. வளரும் குட்டை நியான் ரெயின்போ இருக்கிறது, மூன்றடியில் எட்டு விடலாம். டெட்ராதான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் எக்ஸ்ரே டெட்ரா. தென் அமெரிக்காவின் கடலோர ஆறுகளில் லேசாக உப்பு கலந்த தண்ணீரில்கூட வாழ்வது அது. கண்ணாடி போன்ற உடல், மேல் துடுப்பில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை அடுக்கு. கடையின் வெறும் தொட்டியில் சோகையாகத் தெரியும், செடி வைத்த தொட்டியில் அழகு. இன்னும் பலர் இதை வாங்காமல் கடந்துபோவது எனக்கு வருத்தம்தான்.

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அல்லது ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சென்னை வெயிலில் நியான் டெட்ரா தாக்குப்பிடிக்குமா?

குளிர்காலத்தில் வாங்கினால் நன்றாகவே இருக்கும். பிரச்சினை ஏப்ரலில் தொடங்கும். நியானுக்கு இதமான வெப்பம் 21 முதல் 25 டிகிரி. ஏ.சி. இல்லாத அறையில் மே மாதத் தொட்டி 31, 32 டிகிரி போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். இரண்டு பக்கமும் அடி. செவுள் படபடக்க மேல்மட்டத்தில் நிற்கும் நியான் கூட்டத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதே சிவப்பும் நீலமும்தான் மனதில் இருக்கிறது என்றால் கார்டினல் டெட்ரா எடுங்கள். நியானில் சிவப்பு நடு உடம்பிலிருந்து வால் வரைதான்; கார்டினலில் தலையிலிருந்தே முழு நீளத்துக்கும் ஓடும். அடையாளம் காண இது போதும். பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இது 28 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும். அங்கே பார்சேலோஸ் என்ற ஊரில் பல குடும்பங்களுக்கு இந்த மீனைப் பிடித்து விற்பதுதான் பிழைப்பாக இருந்துவந்திருக்கிறது. விலை நியானைவிடக் கூடும். தண்ணீர் மென்மையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த மீனாக இருந்தாலும் கோடையில் செய்ய வேண்டியது: மூடியைத் திறந்து வலை போட்டுவிட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைகிற தண்ணீரை அவ்வப்போது ஊற்றிக்கொள்ள வேண்டும். ஐஸ் கட்டி போடாதீர்கள். ஏறி இறங்கும் வெப்பம் நிலையான சூட்டைவிட மோசம். கரண்ட் போகும் ஏரியா என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

டைகர் பார்ப் மற்ற மீன்களின் வாலைக் கடித்துக் குதறுகிறது. என்ன செய்வது?

எத்தனை டைகர் பார்ப் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் நான்கு என்பார்கள்.

டைகர் பார்புக்குள் ஓயாத பதவிப் போட்டி உண்டு. யார் முதலில் தின்பது, யார் எந்த இடத்தில் நிற்பது என்று நாள் முழுக்க ஒன்றை ஒன்று விரட்டும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் இந்த விரட்டல் கூட்டத்துக்குள்ளேயே பங்கிடப்பட்டு, யாருக்கும் பெரிய காயமில்லாமல் முடியும். நான்கு இருந்தால் கடைசி இடத்திலிருப்பது வதைபடும், மீதி சுறுசுறுப்பு பக்கத்தில் மெதுவாக மிதக்கும் மீனின் மேல் திரும்பும். தொட்டி மூன்றடியாவது இருந்தால் கூட்டத்தைப் பெருக்குங்கள். கடி கணிசமாகக் குறையும்.

ஆனால் முழுசாக நிற்காது. நீளத் துடுப்பு ஆடினால் அதைக் கடித்துப் பார்க்காமல் டைகர் பார்பால் இருக்க முடியாது. கௌராமியின் மார்புக்குக் கீழே நூல்போல இரண்டு உணர்விழைகள் தொங்கும். அவற்றால் தொட்டுத் தொட்டுத்தான் அது வழியையும் இரையையும் அறியும். டைகர் பார்ப் இருக்கும் தொட்டியில் அந்த இழைகள் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வரும். ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர், கௌராமி நான்கும் டைகர் பார்போடு சேராது. செர்பே டெட்ரா, பிளாக் விடோ டெட்ரா இரண்டுக்கும் ஓரளவு இதே புத்தி உண்டு.

டைகர் பார்போடு சேர்வது, அதே வேகத்தில் ஓடும் குட்டைத் துடுப்பு மீன்கள்: ரோசி பார்ப், ஜெயன்ட் டேனியோ போன்றவை.

ஏஞ்சலும் நியானும் ஒரே அமேசானிலிருந்து வந்தவைதானே? சேர்த்து விடலாமா?

ஒரே ஆற்றுப் படுகை என்பது உண்மைதான், அங்கே ஏஞ்சலுக்குச் சின்ன டெட்ராக்கள் இரை. கடையில் ரூபாய் நாணயம் அளவில் பார்க்கும் ஏஞ்சல் ஒரு வருடத்தில் உள்ளங்கை அளவு ஆகும். அதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் போகும். பிறகு ஒரு நாள் காலையில் நியான் எண்ணிக்கை குறையும், அடுத்த வாரம் இன்னும் குறையும். உடல் கிடைக்காது. ஏஞ்சல் பிடிக்கும் என்றால் அதனோடு காங்கோ டெட்ராவையோ ரெயின்போவையோ விடுங்கள், நல்ல உயரமான நான்கடித் தொட்டியில்.

வாயில் நுழைவது வயிற்றுக்குள் போகும். சாதுவான மீன் என்று பெயரெடுத்தவற்றுக்கும் இது பொருந்தும்.

ஷார்க் என்று இரண்டு அங்குல மீன் விற்கிறார்களே, அது கூட்ட மீன்தானாமே?

கூட்ட மீன்தான். சிக்கல் அளவில்தான். பாலா ஷார்க் 30 செ.மீ.க்கு மேல் வளரும், ஐந்தாறு சேர்ந்து ஓட வேண்டும். அதற்கேற்ற தொட்டி ஒரு அறையின் சுவர் நீளத்துக்கு வேண்டும். இன்னொன்று, சாம்பல் நிறத்தில் பளபளப்பாக விற்கும் இரிடிசென்ட் ஷார்க். ஹோட்டல்களில் பாசா என்ற பெயரில் பரிமாறப்படும் மீன் பெரும்பாலும் இதுதான், ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. டின்ஃபாயில் பார்பும் இதே கதை. இவை மூன்றும் வீட்டுத் தொட்டிக்கான மீன்களே அல்ல.

எந்த மீனை வாங்கினாலும் வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தொட்டிக்கேற்ப வளர்ச்சி நின்றுவிடும் என்று பதில் வந்தால் நம்ப வேண்டாம். மோசமான தண்ணீரிலும் நெருக்கடியிலும் மீன் குன்றிப்போகும், ஆயுளும் சுருங்கும்.

ஃபைட்டரைக் கூட்ட மீன்களோடு விடலாமா?

ஆண் ஃபைட்டர் ஒன்றை ஹார்லெக்வின் ரஸ்போரா, கோரிடோரஸ் போன்ற அமைதியான மீன்களோடு விட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகும். கப்பியோடு வேண்டாம், அதன் விசிறி வாலை இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணித் தாக்கும். சரிவராவிட்டால் தனியே எடுத்துவைக்க இன்னொரு தொட்டி தயாராக இருந்தால் மட்டும் முயலுங்கள்.

கோல்ட்ஃபிஷ்?

வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் மீன், பெரிதாக வளரும், அதிகம் அசுத்தம் செய்யும், சின்ன டெட்ராவை விழுங்கவும் செய்யும்.

கீழ்த்தளத்துக்கு எதை வைப்பது? பாசி தின்னும் சக்கர் மீனைப் போட்டால் தொட்டி சுத்தமாக இருக்குமாமே?

சக்கர் 30 செ.மீ. தாண்டி வளர்ந்து, தான் தின்னும் பாசியைவிடப் பலமடங்கு கழிவு போடும். தொட்டியைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை, எந்த மீனின் வேலையும் அல்ல.

கீழே வைக்க கோரிடோரஸைப்போல இன்னொரு மீன் கிடையாது என்பேன். ஆறு கோரிடோரஸ் மெல்லிய ஆற்று மணலில் மேயும் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மூக்கைக் கண்வரை மணலுக்குள் புதைத்து, வாயில் அள்ளிய மணலைச் செவுள் வழியே வடித்துவிட்டு, கிடைத்த துணுக்கை மட்டும் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒன்று நகர்ந்தால் மற்ற ஐந்தும் பின்னாலேயே போகும். திடீரென்று ஒன்று அம்புபோல மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பதற வேண்டாம், குடல் வழியாகவும் மூச்சுவிடக்கூடிய மீன் அது. நொடிக்கொருதரம் பாய்ந்தால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்று பொருள்.

கூரான சரளைக் கல் போடாதீர்கள், மீசை தேய்ந்து புண்ணாகும். சூடான ஊருக்கு ஸ்டெர்பா கோரிடோரஸ் நல்ல தேர்வு, மற்றவற்றைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். அவற்றுக்கென்று மூழ்கும் தீனி தனியாகப் போடுங்கள். மேலே உள்ளவை மிச்சம் வைப்பதைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டால் மெல்ல மெல்லப் பட்டினியில் மெலியும்.

நம் பகுதி ஆறுகளின் மீன்களில் தொட்டிக்கு ஏற்றவை உண்டா?

நிறைய உண்டு. இன்னும் அதிகம் பேர் இவற்றை நாட வேண்டும் என்பது என் ஆசை.

செர்ரி பார்ப் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. களனி ஆறு தொடங்கி நில்வளா வரை, தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் விழும் ஓடைகளில் இருக்கும். இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1929-ல் இதை விவரித்துப் பெயரிட்டார். 5 செ.மீ.தான் வளரும், யாரையும் கடிக்காது. ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது மிளகாய்ப்பழச் சிவப்பாகிவிடும். இப்போது கடைக்கு வருபவை பண்ணை மீன்கள். முதல் கூட்டமாக எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்.

சீப்ரா டேனியோ கங்கை, பிரம்மபுத்திரா பகுதி மீன். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் பெயரிட்டார். ஆய்வுக்கூடங்களில் உலகம் முழுக்க வளர்க்கப்படும் இதன் மரபணுத் தொகுப்பு 2013-ல் வெளியானது. சூடு, குளிர், கடினமான தண்ணீர் எல்லாவற்றையும் சமாளிக்கும். ஒரே குறை, ஓயாத ஓட்டம். மெதுவான மீன்கள் அதனால் மிரளும், தீனியும் அவற்றுக்குக் கிட்டாது.

மிஸ் கேரளா என்ற டெனிசன் பார்ப் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன். 1865-ல் ஃபிரான்சிஸ் டே, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் பெயரை இதற்கு வைத்தார். கறுப்புக் கோட்டுக்கு மேல் சிவப்புக் கோடு, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்த அழகே அதற்கு வினையானது. கட்டுப்பாடில்லாமல் பிடித்து ஏற்றுமதி செய்ததில் எண்ணிக்கை சரிந்து, இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனமாக இருக்கிறது. தாமிரபரணிப் படுகையில் மட்டுமே வாழும் தாமிரபரணி பார்பின் நிலையும் அப்படியே. அதன் ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீண்டிருக்கும். இவ்விரண்டையும் ஆற்றிலேயே விட்டுவிடுவோம். ஆற்றில் பிடித்தது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாமல் எந்தக் கூட்ட மீன் வைக்கலாம்?

ஒயிட் கிளவுட் மின்னோ. சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய வெண்முகில் மலை ஓடைகளில் கண்டறியப்பட்டு 1932-ல் பெயரிடப்பட்டது. 14 முதல் 22 டிகிரி வரை இதற்கு இதம். சமவெளிக்காரர்கள் கோடையில் வைத்திருக்கவே முடியாத இந்த மீனைப் பத்துப் பன்னிரண்டாக வைத்து ரசிக்கும் கொடுப்பினை உங்களுக்குத்தான்.

கடையில் நல்ல மீன் எது என்று எப்படித் தெரியும்?

முதலில் கூட்டத்தைப் பாருங்கள், பிறகு தனி மீனை. கூட்டத்திலிருந்து விலகி மூலையில் நிற்பது, துடுப்பை மடக்கிக்கொண்டிருப்பது, வயிறு ஒட்டியது, முதுகு வளைந்தது இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்தே எடுக்காதீர்கள். ஒன்றுக்கு இருக்கும் நோய் தண்ணீர் வழியாக மற்றவற்றுக்கும் போயிருக்கும். நியானில் உடம்பில் வெளிறிய திட்டு விழுந்து நிறம் போயிருந்தால் நியான் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது.

ரம்மிநோஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி, அதன் மூக்கே சொல்லிவிடும். நல்ல தண்ணீரில் நிம்மதியாக இருந்தால் முகம் முழுக்க ரத்தச் சிவப்பு. கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும்போது வெளிறிப்போகும். விட்ட சில மணி நேரத்தில் நிறம் திரும்ப வேண்டும். மறுநாளும் வெளிறியே இருந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்.

ரோஸ், நீலம், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் கலர் விடோ டெட்ரா, கோடு கோடாகச் சாயம் ஏற்றிய கண்ணாடி மீன் போன்றவற்றை வாங்காதீர்கள். சாயத்தில் முக்கியோ ஊசியால் ஏற்றியோ உண்டாக்கிய நிறம் அது. மீனுக்குக் கொடுமை, நிறமும் சில மாதங்களில் போய்விடும்.

எல்லா மீனையும் ஒரே நாளில் விடலாமா?

விடக்கூடாது. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இன்னும் உருவாகியிருக்காது. அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் கூட்டம். போர் தண்ணீர்க்காரர்கள் இதில் இன்னும் பொறுமை காக்க வேண்டும், பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்காகும்.

ஒரு கூட்டத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து விடாமல் மொத்தமாக விடுங்கள், அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் இடைவெளி கொடுங்கள். வசதியிருந்தால் புது மீனை அதுவரை தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள்.

என் மீன்கள் கூட்டமாக நீந்தாமல் ஆளுக்கொரு பக்கம் திரிகின்றன. ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. தீனி நன்றாக எடுத்து நிறம் பளிச்சென்று இருந்தால் நிம்மதியாக இருக்கின்றன என்று அர்த்தம். நெருக்கமாகச் சேர்வது ஆபத்தை உணரும்போதுதான். நீங்கள் தொட்டிக்குள் கையை விட்டால் நொடியில் ஒன்றுகூடும், பாருங்கள். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே நின்றால்தான் எது பயமுறுத்துகிறது என்று தேட வேண்டும். ரம்மிநோஸ் மட்டும் விதிவிலக்கு. அமைதியாக இருக்கும்போதும் சேர்ந்தே ஓடி, தொட்டியின் கோடியில் ஒரே வீச்சில் திரும்பும்.

எந்நேரமும் ஒளிந்தே இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், பின்புறக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள், பக்கங்களில் அடர்த்தியாகச் செடி வைத்து நடுவில் நீந்த இடம் விடுங்கள். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த மீன்கள் தைரியமாக வெளியே வரும். இரவில் விளக்கை அணைத்த பிறகு நியானும் கார்டினலும் வெளிறித் தெரிவது இயல்பு.

கூட்டத்தில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. என்ன செய்யலாம்?

நோயில் போயிருந்தால் முதலில் ஒரு மாதம் காத்திருங்கள். மிஞ்சியவை ஆரோக்கியமாக இருந்தால் அதே இனத்தில் ஏழெட்டு வாங்கிக் கூட்டத்தை நிரப்புங்கள். அந்த இனம் உங்கள் தண்ணீருக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்துவிட்டால், அதையே நன்றாக வைத்திருக்கும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. எதுவும் அமையாவிட்டால் அவற்றின் காலம் வரை நீங்களே பாருங்கள்.

பக்கத்துக் குளத்திலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். பாவம் பிழைத்துப்போகட்டும் என்று விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டன. வலையில் அவை சிக்கினால் முள்ளும் தடித்த தோலும் வலையைக் கிழிக்கும், சந்தையிலும் விலை போகாது. அந்த இழப்பு முழுக்க மீனவர் தலையில்தான் விழுகிறது.